இதயம் நிற்கும் நேரத்தில் ஒரு காவலர்

மருத்துவத் துறை என்றவுடன் டாக்டர், நர்ஸ் ஆகிய இரு பணிகளே நம் நினைவுக்கு வருகின்றன. 'பெர்ஃப்யூஷனிஸ்ட்' என்றொரு பணி இருப்பதை நம் இல்லங்களில் அறிந்தோர் மிகச் சிலரே. அறிவியல் பயிலும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருப்பின் இதனையும் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைத் திறந்து உள்ளே தையலிடுவது எளிதன்று. ஆகவே பொட்டாசியம் மிகுந்த கரைசலைச் செலுத்தி அதனை நிறுத்தி வைக்கின்றனர். அவ்வேளையில் உடலின் இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் அனுப்புவது இதய நுரையீரல் இயந்திரம். வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 4 முதல் 5 லிட்டர் இரத்தம் அதன் வழியே ஓடும். அதனை இயக்குபவரே பெர்ஃப்யூஷனிஸ்ட். இரத்தம் உறையாதிருக்கிறதா, அழுத்தம் சரியா, வெப்பநிலை சரியா என்று அவர் இடைவிடாது கவனித்தாக வேண்டும். குழாயினுள் புகுந்த காற்றுக் குமிழி மூளையை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் இவ்வியந்திரத்தின் துணையுடன் 18 வயதுப் பெண்ணொருவரின் இதயச் சுவரிலிருந்த துளையை அடைத்தார். 26 நிமிடங்கள் அப்பெண்ணின் உயிரை இயந்திரமே தாங்கி நின்றது. அதனை உருவாக்கும் ஆய்வில் அவருடைய மனைவி மேரியும் பல ஆண்டுகள் உடனிருந்து உழைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்நாட்டில் இன்று இப்பணிக்கென முதுநிலைப் பட்டப் படிப்புகள் உள்ளன. பட்டதாரிகள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் பயில்கின்றனர். உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் ஆகியவற்றைக் கற்று, முதலில் மாதிரி இயந்திரத்தில் பழகுகின்றனர். பின்னர் ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் நோயாளிகளுக்கு இயந்திரத்தை இயக்குகின்றனர். பயிற்சிக் காலத்தில் குறைந்தது 75 முறை இவ்வாறு இயக்கியிருக்க வேண்டும். அதன் பின்னரும் அடிப்படை அறிவியலில் ஒன்று, செயல்முறையில் ஒன்று என இரு தேர்வுகளில் வெற்றி பெற்றால்தான் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். ஏட்டுக் கல்வி மட்டும் இங்கே போதாது என்பதை இவ்விதிகள் நமக்கு உணர்த்துகின்றன.

தமிழகத்தில் பிளஸ்-டூவில் அறிவியல் பயின்றவர்கள் இப்பிரிவில் பி.எஸ்ஸி. சேரலாம். பெற்றோர்களே, கட்டணத்தை விசாரிக்கும் முன் வேறு இரு கேள்விகளைக் கேளுங்கள். கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை முறையாக நடைபெறுகிறதா? படிப்பு முடிவதற்குள் மாணவர் தம் கையால் எத்தனை முறை இயந்திரத்தை இயக்குவார்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

நள்ளிரவிலும் அழைப்பு வரும். பல மணி நேரம் கவனம் சிதறாது அமர்ந்திருக்க வேண்டும். பதற்றமில்லாத மனமும் பொறுப்புணர்வும் உடைய பிள்ளைக்கு இது ஏற்ற பணி. முகமறியாத ஒருவரின் உயிர் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று உணர்பவரே இப்பணிக்குத் தகுதியானவர்.