கரிந்த நெல்மணியும் சான்று கூறும்

பண்டை மக்களின் வாழ்க்கையை எவற்றைக் கொண்டு அறிகிறோம் என்று மாணவரை வினவினால், கல்வெட்டு, நாணயம், சிலை, ஏட்டுச் சுவடி என்று விடை தயங்காது வரும். அடுப்பிற் கரிந்துபோன ஒரு பயற்றையோ, பானை ஓட்டில் ஒட்டிய உமியையோ சொல்பவர் மிகச் சிலரே. ஆயினும் இன்றைய தொல்பொருளாராய்ச்சியில் இவை கல்வெட்டுக்குச் சற்றும் குறையாத மதிப்பைப் பெற்றுள்ளன. சில வேளைகளிற் கல்வெட்டு வாய் திறவாத இடத்தில் இவையே பேசுகின்றன.

பதுளை நகரில் உள்ள தூண் கல்வெட்டை நம்மிற் பலர் கண்டிருப்போம். மகியங்கனைக்கு அண்மையில், ஹொரபொர வாவிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அது, பத்தாம் நூற்றாண்டில் ஹோபிட்டிகம என்னும் சந்தையில் நடந்த முறைகேடுகளைத் தடுக்க அரசன் வகுத்த விதிகளைக் கூறுகின்றது. வணிகர் முறையிட்டனர்; அரசன் ஆணையிட்டான்; ஆணை கல்லில் ஏறிற்று. மிக நன்று. ஆனால் அச்சந்தைக்கு வந்து திரும்பிய குடியானவனின் வீட்டில் அன்றிரவு உலையில் வெந்தது நெல்லரிசியா, குரக்கனா, காட்டுக் கிழங்கா? அதனைக் கல்லிற் பொறிக்க எந்த அரசனுக்கு என்ன தேவை? அவ்வினாவுக்கு விடை அடுப்புச் சாம்பலிலே தான் கிடக்கின்றது.

செடியும் தானியமும் விரைவில் மக்கிப் போகும் பொருள்களாயிற்றே, அவை எவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும் என்று வாசகர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. பெரும்பாலானவை மக்கித்தான் போகின்றன. ஆயின் நெருப்பில் அரைகுறையாக எரிந்து கரியான மணியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்பதில்லை. அது தன் உருவம் மாறாமற் கிடக்கும். சோறு அடிப்பிடித்ததற்காக மருமகளைக் கடிந்துகொண்ட பண்டைக் காலத்து மாமியார், அந்தக் கரிந்த பருக்கைகளுக்காகப் பிற்காலத்தார் நன்றி பாராட்டுவர் என்று எண்ணியிருக்க மாட்டார்! காற்றுப் புகாத சதுப்பு நிலத்திலும் விதையும் மகரந்தமும் அழியாமல் இருக்கும். இவையன்றி, புல்லினத் தாவரங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா அவற்றின் உயிரணுக்களில் நுண்ணிய கற்களாக உறைந்துவிடும். செடி மக்கினாலும் அக்கல் மக்காது. நெல்லின் உமியில் உண்டாகும் நுண்கல்லுக்கு இரட்டைக் கொடுமுடி போன்ற தனி உருவம் உண்டு.

நம் மலைநாட்டுக்கு இவ்வறிவு மிகவும் வேண்டப்படுவது. பண்டாரவளையைச் சூழ்ந்த குன்றுகளின் உச்சிகளில் வெண்படிகக் கல்லாற் செய்த சிறு கருவிகள் கிடைப்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹார்ட்லி என்பார் எடுத்துக்காட்டினார். 1940இல் நூன் என்னும் குடும்பப் பெயருடைய இருவர் அக்கருவிகளைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டனர். கருவிகள் ஏராளம்; ஆனால் அவற்றைச் செய்தவரின் எலும்புகள் அத்திறந்த குன்றுகளில் எஞ்சவில்லை. மழை மிகுந்த மலைநாட்டின் புளிப்பு மண் எலும்பைக் கரைத்துவிடும். தேயிலைக்கு உகந்த மண் எலும்புக்குப் பகை என்று சொல்லலாம். எலும்பு எஞ்சாத இடத்திற் கரியும் நுண்கல்லுமே மிச்சம்.

இனி, ஓஹியாப் புகையிரத நிலையத்திலிருந்து ஏறிச் சென்றால் அடையக்கூடிய ஹோர்ட்டன் சமவெளிக்கு வருவோம். இது நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் ஊவாவின் விளிம்பிலேயே உள்ளது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேற்பட்ட அவ்விடத்தின் பள்ளங்களில், செடிகள் மக்கிப் படிந்த கரிய சதுப்பு மண் அடுக்கடுக்காகத் திரண்டிருக்கிறது. ஆண்டுதோறும் காற்றில் வந்து விழுந்த மகரந்தம் அவ்வடுக்குகளிற் சிறைப்பட்டுள்ளது. இரத்னசிறி பிரேமதிலக என்னும் இலங்கை ஆய்வாளர் அம்மண்ணைக் குழாயினாற் குடைந்தெடுத்து, அடுக்கு அடுக்காக உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தார். அவரும் யான் ரிஸ்பேர்க் என்பாரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாற்றைத் தருகின்றது. வடதிசை நாடுகள் பனியால் மூடப்பட்டிருந்த அந்நாளில் நம் மலைகளிற் பருவ மழை குன்றி, வறட்சி மிகுந்திருந்ததென்றும், பின்னரே மழை வலுப்பெற்றதென்றும் அம்மண் அடுக்குகள் உணர்த்துகின்றன.

ஆனால் அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தியது வேறொரு செய்தி. இன்றைக்கு ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர் காட்டை எரித்ததற்கும், ஓட்ஸ், வாற்கோதுமை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த புற்களைப் பேணியதற்கும் அறிகுறிகள் உள்ளன என்று பிரேமதிலக கூறினார். மேற்காசியாவில் வாற்கோதுமைப் பயிர்ச்செய்கை வேரூன்றியது இன்றைக்குச் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே என்பது பொதுவான கொள்கை. அவ்வாறாயின் நம் மலை மக்கள் ஏறத்தாழ 7,500 ஆண்டுகள் முந்திக்கொண்டனரா?

இங்கேதான் மாணவர்கள் நிதானிக்க வேண்டும். தன் ஊருக்குப் பெருமை தரும் செய்தியென்றால் உடனே ஏற்றுக்கொள்வது மனித இயல்பு; ஆராய்ச்சிக்கு அது உதவாது. புல்லின் மகரந்தம் உருண்டையானது, ஒற்றைத் துளையுடையது. காட்டுப் புல்லுக்கும் தானியப் பயிருக்கும் அமைப்பு ஒன்றே. பயிரின் மகரந்தம் பொதுவாகச் சற்றுப் பெரிது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாற்பது பங்கு என்ற அளவை எல்லையாகக் கொள்வது வழக்கம். ஆயின் அவ்வெல்லையைத் தாண்டும் காட்டுப் புற்களும் உண்டு. அதற்குட்பட்ட நெல்லும் உண்டு. மேலும் மகரந்தம் காற்றேறி வரும். அது விழுந்த இடமெல்லாம் விளைந்த இடமாகாது. காட்டுத் தீயும் மனிதன் மூட்டாமலே பற்றக்கூடும். ஆகவே அச்சமவெளியின் காலநிலைச் சான்றினை நாம் உறுதியாக ஏற்கலாம். உழவுச் சான்றினை, கரிந்த மணி ஒன்று கையிற் கிடைக்கும்வரை, கருதுகோளாக வைத்துக்கொள்வதே முறை என்பது நம் துணிபு.

மணி கையிற் கிடைத்தால் நிலைமை வேறு. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009-10இல் அகழ்ந்த ஈமக்குழியொன்றில், தாழியிலிட்ட நெல் சுமார் 2 கிலோ கிடைத்தது. அந்நெல்லையே காபன் 14 முறையாற் சோதித்தபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியிற் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலம் கணிக்கப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. செடி உயிரோடிருக்கையிற் காற்றிலிருந்து பெற்ற காபன் 14, அது இறந்தபின் 5,730 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிப்பர். நெல் ஓராண்டுப் பயிராதலின், பெருமரத்தின் கரியைக் காட்டிலும் அது நம்பத்தகுந்த சாட்சி.

நம் நாட்டிலும் இத்தகைய சான்றுகள் உள. கித்துல்கலைக்கு அண்மையிலுள்ள பெலிலென குகையிற் கற்கால மக்கள் உண்டெறிந்த கெக்குணக் கொட்டையின் ஓடுகளும், காட்டு வாழை, காட்டுப் பலா ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறைமுகத்திலோ நெல்லோடு மிளகும், மொலுக்காத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு கராம்பும் அகப்பட்டன. அக்கராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. ஒரேயொரு கராம்பு! ஆயினும் மாதோட்டத்துக் கப்பல் வாணிகம் எத்துணைத் தொலைவு எட்டியது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதுகாறும் கூறியவை மிகப் பழங்காலத்தவை. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரைப் பற்றி என்ன? 1823இல் தொடங்கியதாகக் கொண்டு மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்களைப் பற்றித் தோட்டக் கணக்கேடுகள் எழுதிவைத்தவை பேர்க்கணக்கும் இறாத்தற் கணக்குமே. தோட்டத்தார் வழங்கிய அரிசியும், அதற்காகச் சம்பளத்திற் பிடித்த காசும் ஏட்டில் இருக்கும். லயத்தின் பின்புறத்தில் அவர்கள் நட்ட கீரையும் அவரையும், ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த விதையும் எந்தத் துரையின் ஏட்டிலும் இல்லை. வருத்தந்தரும் வெறுமை இது.

அதனை நிரப்ப வழியில்லாமல் இல்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ரிச் நெக் என்னும் 18ஆம் நூற்றாண்டுத் தோட்டத்தில், அடிமைகள் வாழ்ந்த வீட்டின் தரையில் அவர்களே தோண்டி வைத்திருந்த குழிகளின் மண்ணை அரித்தெடுத்து ஆய்வாளர் விதைகளைத் தேடினர். எசமானர் அளந்த தானியத்தோடு, அம்மக்கள் தாமே பயிரிட்டவையும் காட்டிற் சேகரித்தவையும் வெளிப்பட்டன. எழுத்தறிவு மறுக்கப்பட்டவரின் அன்றாட வாழ்வு அங்கே விதைகளால் எழுதப்பட்டிருந்தது. பாழடைந்த பழைய லயங்களின் அடுப்படி மண்ணும் அவ்வாறு ஆராயத்தக்கதே. கோப்பிச் செடியில் இலைநோய் 1869இல் தோன்றிப் பின்னர் தேயிலை பரவிய மாற்றத்தையும் மண் காட்டக்கூடும். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் மரத்தின் மகரந்தம் ஓர் அடுக்கிற் காணப்பட்டால், அவ்வடுக்கு 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று எனத் துணியலாம்.

முறையும் பெருஞ்செலவுடையதன்று. குறித்த அடுக்கின் மண்ணை நீர் நிறைந்த தொட்டியிலிட்டு மெல்லக் கலக்குவர். மண் அடியிற் படியும், கரி மேலே மிதக்கும். மிதப்பதை நுண்ணிய வலையில் வடித்து நிழலில் உலர்த்துவர். வீட்டு விறகடுப்பின் சாம்பலில் இதனை மாணவர் செய்து பார்க்கலாம். எத்தனை விதைகள் அகப்படுகின்றன என்பதைக் காண வியப்பாகவே இருக்கும்.

ஆனால் சாம்பலோடு நிறுத்திக்கொள்க. தொல்பொருட்களைத் தேடி அனுமதியின்றி நிலத்தை அகழ்தல் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, விதை எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று தெரியாவிடின் அதற்கு மதிப்பில்லை. நம் சரிவுகளோ நிலையில்லாதவை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையும் உயிர்களையும் மூடிய மண்சரிவை நாம் மறக்கவில்லை. சரிந்த மண்ணில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிடும். அது சரிந்த மண்ணா, இருந்த இடத்திலிருந்த மண்ணா என்று பயின்றவரே கூறமுடியும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகைக்குக் குழி தோண்டும்போதோ, கான் வெட்டும்போதோ, கரிய மண்ணும் அதனிடையே வெண்படிகக் கற்சில்லுகளும் தென்பட்டால், கையால் அள்ளவும் வேண்டா, கழுவவும் வேண்டா. இடத்தைக் குறித்துக்கொண்டு, பாடசாலை ஆசிரியர் வாயிலாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை அக்குழியை ஓர் ஓலைப்பாயால் மூடி வைத்தாற் போதும்.