வால்வைத் திறக்கத் தெரிந்தால் போதுமா?

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் ஊற்றினால் 'சளசள'வென்று கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது வெப்ப உமிழ் வினை.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபால் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலும் ஒரு வெப்ப உமிழ் வினைதான் நடந்தது. ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. அத்திரவத்தின் கொதிநிலை 39 டிகிரி செல்சியஸ்தான். வினையின் வெப்பத்தால் அது ஆவியாகிப் பீறிட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரமோ சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது.

அங்கே ஃபாஸ்ஜீனையும் மெத்தில் அமீனையும் சேர்த்து இந்த நஞ்சைத் தயாரித்து, பின்பு நாஃப்தாலுடன் வினைபுரியச் செய்து கார்பரில் மருந்தைப் பெற்றார்கள். ஃபாஸ்ஜீனை முதலில் நாஃப்தாலுடன் சேர்த்து, பிறகு மெத்தில் அமீனைச் சேர்த்தாலும் அதே கார்பரில் கிடைக்கும். ஃபாஸ்ஜீனும் நஞ்சுதான். ஆனால், இம்முறையில் மெத்தில் ஐசோசயனேட்டைத் தேக்கி வைக்கத் தேவையே இல்லை. இல்லாத பொருள் எப்படிக் கசியும்?

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகளுள் கடைசி நெறி இதுவே: விபத்துக்கு இடமளிக்காத பொருள்களைத் தேர்ந்தெடு.

ஆகவே, தொழிலாளர் பயிற்சியில் வால்வைத் திறக்கவும் மூடவும் கற்பித்தால் போதாது. 'தொட்டியில் உள்ளது எதனுடன் சேர்ந்தால் என்னவாகும்? இவ்வளவு தேக்கி வைக்கத்தான் வேண்டுமா?' என்று கேட்கவும் கற்பிக்க வேண்டும். நாளை அந்த வால்வருகே நிற்கப் போவது உங்களில் ஒருவராக இருக்கலாமல்லவா?