விக்கலெடுக்கும் ஃபர்னஸ்

தை மாதத்து இரவு. வெளியே −18. படுத்திருந்தபடி பேஸ்மென்டில் ஃபர்னஸ் எழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் 'டிக்' என்றொரு சொடுக்கு, பிறகு ஒரு சின்ன மோட்டாரின் இரைச்சல், பிறகு 'புஃப்' என்று நெருப்புப் பற்றும் ஓசை. காற்று வந்து அறை கொஞ்சம் சூடாவதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது. சில நிமிடம் கழித்து மறுபடி 'டிக்'. விடியும்வரை இதே கதை.

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கிய முதல் குளிர்காலம் அது. காலையில் ஃபர்னஸ் திருத்த வந்தவர் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றார். "இது பழசு அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லி விலையைத் தாளில் எழுதி நீட்டினார். மனம் கேட்காமல் இன்னொருவரைக் கூப்பிட்டோம். அவர் பின்னேரம் வந்தார். ஒன்றும் பேசாமல் குழாயோரம் இருந்த ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய மடிப்புகள் தெரியவேயில்லை; கம்பளித் துண்டு ஒட்டியதுபோல் சாம்பல் நிறத் தூசு, அதில் தலைமயிர், துணிநூல். முந்தின சொந்தக்காரர் போட்டுவிட்டுப் போனது. புது ஃபில்டர் போட்ட அன்றிரவு அதே ஃபர்னஸ் ஒரே மூச்சில் கால் மணி நேரம் ஓடியது. அதற்குப் பிறகும் ஆறு குளிர்காலம் உழைத்தது.

ஃபர்னஸ் திருத்துபவர்கள் இந்த விக்கலை ஷார்ட் சைக்கிளிங் என்பார்கள். ஒழுங்கான ஃபர்னஸ் ஒருமுறை பற்றினால் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓடும். குளிர் கூடக் கூட ஓட்டமும் நீளவேண்டும். −20 இரவில் முக்கால் மணி நேரம் விடாமல் ஓடுகிறதே என்று பயப்படவேண்டாம். அதன் அளவு சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்று நின்று எழுவதுதான் கோளாறு. ஒவ்வொரு தடவை பற்றவைக்கும்போதும் இக்னைட்டர் என்ற பற்றவைப்பான் ஆயிரம் பாகைக்கு மேல் சூடேறி ஆறுகிறது. அதன் ஆயுள் குறைகிறது. நெருப்புக்கும் வீட்டுக் காற்றுக்கும் நடுவில் நிற்கும் உலோக அறை, அதாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர், விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிக் களைக்கிறது. தூரத்து அறைக்குச் சூடு போய்ச் சேர்வதே இல்லை. காஸ் பில்லோ ஏறுகிறது.

கோளாறு ஒன்று, காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொரு காரணமும் ஃபர்னஸை ஒவ்வொரு கட்டத்தில் நிறுத்தும். அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். தொலைபேசியில் நேரம் பிடித்து மூன்று சுற்றுப் பாருங்கள். எப்போது நிற்கிறது, நிற்கும்போது எது நிற்கிறது, எது தொடர்ந்து ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

ஃபர்னஸ் எழும் ஒழுங்கு தெரிந்தால்தான் இது புரியும். மேல்வீட்டுச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்கிறது. முதலில் இன்டியூசர் என்ற சின்ன விசிறி சுழன்று, உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவை வெளியே தள்ளுகிறது. புகை போக வழி திறந்திருக்கிறதா என்று உள்ளங்கையளவு வட்டமான பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. சரியென்றால் இக்னைட்டர் செந்தணலாகிறது. காஸ் வால்வு திறக்கிறது, பர்னரில் நீலச் சுடர் ஓடுகிறது. சுடர் உண்மையில் பற்றியதா என்று ஃப்ளேம் சென்சர் உறுதி செய்கிறது. அரை நிமிடம் அளவில் பெரிய விசிறியான புளோவர் எழுந்து, சூடான காற்றை வீடெங்கும் தள்ளுகிறது. இத்தனைக்கும் மேலே லிமிட் சுவிட்ச் காவல் நிற்கிறது. உள்ளே சூடு அளவுக்கு மீறினால் அது காஸை வெட்டிவிடும்.

முதல் வகை: சுடர் சில நிமிடம் எரிந்து அணைகிறது, ஆனால் புளோவர் தொடர்ந்து ஓடுகிறது, வீடோ இன்னும் குளிராக இருக்கிறது என்றால் வெட்டியது லிமிட் சுவிட்ச்தான். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். உள்ளே உண்டான சூட்டை எடுத்துப்போகக் காற்றுப் போதவில்லை. முதல் சந்தேகம் ஃபில்டரில். ஒரு அங்குலத் தடிப்புள்ளதைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வைக்கவேண்டாம். விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்கவேண்டும். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: தூசு ஒவ்வாமைக்கு நல்லதென்று மெர்வ் என்ற வடிகட்டும் அளவீட்டில் 13 உள்ள ஃபில்டரை வாங்கி ஒரு அங்குல இடத்தில் செருகுகிறோம். நோக்கம் நல்லது. ஆனால் அவ்வளவு நெருக்கமான இழை பழைய ஃபர்னஸின் மூச்சை அடைத்துவிடலாம். அந்த ஃபில்டர் வேண்டுமென்றால் நான்கைந்து அங்குலத் தடிப்புள்ளதைப் பொருத்த இடம் செய்வது சரி.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஆளில்லாத அறைகளில் தரைத் துவாரங்களை மூடிவிட்டால் காஸ் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். மிச்சமாவதில்லை, காற்றுக்கு வழி குறைந்து லிமிட் வெட்டும். காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய சல்லடைகளுக்கு முன்னால் சோபாவோ அலுமாரியோ நிற்கிறதா? எங்கள் ஆட்களின் வீடுகளில் பேஸ்மென்ட் பெரும்பாலும் வாடகைக்குப் போயிருக்கும். கீழே குடியிருப்பவர் கட்டிலை எங்கே போட்டிருக்கிறார் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. தட்டிக் கேட்டுப் பாருங்கள், கோபிக்கமாட்டார், குளிர் அவருக்கும்தான். இவை எல்லாம் திறந்திருந்தும் லிமிட் வெட்டினால், ஃபர்னஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசி கொயிலில் அழுக்குப் படிந்திருக்கலாம், அல்லது புளோவரே தளர்ந்திருக்கலாம். அது திருத்துபவரின் வேலை.

இரண்டாவது வகை: சுடர் பற்றுகிறது, நாலைந்து விநாடியில் அணைகிறது. மறுபடி முயல்கிறது, மறுபடி அணைகிறது. சில தடவை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ பேசாமல் கிடக்கும். இது பெரும்பாலும் ஃப்ளேம் சென்சர். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: பின்னல் ஊசி போன்ற ஒரு கம்பி, கழுத்தில் வெள்ளைப் பீங்கான், பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்குரூ. சுடர் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து சுடர் வழியாகப் பர்னருக்கு ஓடும் மின்னோட்டம் சில மைக்ரோ அம்பியர்தான்; ஓர் அம்பியரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்கு. அந்தத் துளி வந்து சேர்ந்தால்தான் ஃபர்னஸின் மூளையான போர்டு, நெருப்பு இருக்கிறதென்று நம்பும். கம்பியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலம் படிந்துவிட்டால் துளி வராது. எதிரே நெருப்பு எரிந்தாலும் போர்டுக்கு அது இருட்டுதான்; பற்றாத காஸ் நிரம்புகிறதோ என்று அஞ்சி வால்வை மூடிவிடும். நல்ல பயம்தான். மெல்லிய ஸ்டீல் வூலால் கம்பியை மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாளால் சுரண்டினால் கம்பி கெடும். வருடாந்தப் பராமரிப்புக்கு வருபவரிடம் "ஃப்ளேம் சென்சரைத் துடைத்தீர்களா?" என்று கேளுங்கள். இதே அடையாளத்தைக் காட்டி, போர்டு முழுவதையும் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால் சென்சரை முதலில் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: இன்டியூசர் இரைகிறது, சுடர் பற்றவே இல்லை, அல்லது பற்றி, நடுவில் அணைகிறது. பிரஷர் சுவிட்ச் வழிவிடவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய், சுவரிலிருந்து நீளும் இரண்டு வெள்ளை பிவிசி குழாய்களைப் பாருங்கள். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். பனிப்புயலுக்குப் பிறகு அவற்றின் வாயில் பனி குவிந்திருக்கலாம். இலையோ குருவிக்கூடோ அடைத்திருக்கலாம். கையாலேயே எடுத்துவிடலாம். வாசலில் பனி தள்ளுகிறவர் அதைக் குழாயின் பக்கம் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒன்றுமில்லை என்றால் உள்ளே தண்ணீரைப் பாருங்கள். கனடாவில் 2009 இறுதியிலிருந்து தயாரான வீட்டு காஸ் ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் வேண்டும். 2019 ஜூலையிலிருந்து 95. அந்தத் திறன் புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் சூட்டைப் பிடிப்பதால் கிடைப்பது. காஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். அது ஒரு மெல்லிய குழாயால் தரை வடிகாலுக்கு ஓடவேண்டும். குழாய் பாசிபிடித்து அடைத்தாலோ மடங்கினாலோ தண்ணீர் தேங்கிப் பிரஷர் சுவிட்ச் திறந்துகொள்ளும். பெட்டிக்குள் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் சந்தேகம் அங்கே.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெற்றரியை மாற்றுங்கள். சூடான காற்று வரும் துவாரத்துக்கு மேலோ, வெயில் விழும் சுவரிலோ, தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ இருந்தால் வீடு சூடாகிவிட்டதென்று அது ஏமாறும். மணிக்கு எத்தனை சுற்று என்ற அமைப்பு சிலவற்றில் இருக்கும். உயர்திறன் ஃபர்னஸுக்கு வழக்கமாக 3, பழைய வகைக்கு 5.

இவை எல்லாம் சரியாயிருந்தும், ஐந்து நிமிடத்தில் வீடு கேட்ட சூட்டை எட்டி ஃபர்னஸ் ஒழுங்காக அணைந்து மறுபடி எழுகிறது என்றால் பழுது ஒன்றுமில்லை. ஃபர்னஸ் வீட்டைவிடப் பெரிது. இது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். பழைய வீட்டில் 100,000 பிடியு (சூட்டின் அலகு) ஃபர்னஸ், திறன் 60 சதவீதம். வீட்டுக்குள் வந்தது 60,000. பிறகு ஜன்னல் மாற்றினார்கள், கூரைக்குக் கீழே இன்சுலேஷன் அடித்தார்கள், தேவை 40,000 ஆகக் குறைந்தது. ஃபர்னஸ் மாற்ற வந்தவர் பழைய தகட்டைப் பார்த்து அதே 100,000 போட்டார், இம்முறை 95 சதவீதம். தேவையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சூடு! இதற்குப் பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆகவே மாற்றும்போதே வெப்ப இழப்புக் கணக்குக் கேளுங்கள். கனடாவில் அதற்கென்றே சிஎஸ்ஏ எஃப்280 என்ற நியமம் இருக்கிறது. கணக்குப் போடாமல் "பெரிசாப் போட்டா நல்லது" என்பவரை அனுப்பிவிடுங்கள்.

ஃபர்னஸின் கதவைத் திறப்பதற்கு முன் இன்னொன்று. ஃபர்னஸின் கீழ்ப்பகுதியில் சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். உள்ளே ஒரு விளக்கு சிமிட்டும். எத்தனை சிமிட்டல் என்பதில் கோளாறின் பெயர் இருக்கிறது. அட்டவணை கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கதவைக் கழற்றினால் மின்சாரம் தானாக அறுந்துவிடும், சில போர்டுகள் நடந்ததை மறந்துவிடும். எனவே முதலில் எண்ணுங்கள், பிறகு கழற்றுங்கள்.

லிமிட் சுவிட்சையோ பிரஷர் சுவிட்சையோ ஒரு வயர்த்துண்டால் இணைத்துவிட்டு ஓடவிடலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்கவேண்டாம்; அது உயிரோடு விளையாட்டு. 2008 மார்கழியில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரி, அவரது கணவர், இரண்டு பிள்ளைகள் என நால்வர் கார்பன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அங்கே காரணம் காஸ் கணப்படுப்பின் அடைபட்ட புகைவழி. வீடுகளில் அந்த வாயுவுக்கு அலாரம் கட்டாயம் என்ற ஒன்ராறியோச் சட்டம், 2013இல் ஹோக்கின்ஸ்-ஜின்யாக் என்ற பெயரோடு வந்தது. நிறமில்லாத, மணமில்லாத அந்த வாயு வீட்டுக்குள் வராமல் காப்பதில் அந்தச் சின்னச் சுவிட்சுகளுக்குப் பெரும் பங்குண்டு. தலையிடி, வாந்தி வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தாலோ, அலாரம் கத்தினாலோ எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, வெளியே நின்று அவசர உதவியை அழையுங்கள்.

காஸ் வேலை செய்ய ஒன்ராறியோவில் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பு தரும் சான்றிதழ் வேண்டும். ஜி2 அல்லது ஜி1. ஜி3 வைத்திருப்பவர் தனியாகச் செய்யக்கூடாது. அட்டையைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் 1 முதல் இங்கே தடை. நீங்கள் கூப்பிடாமல் வந்து நிற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். "ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் வெடிப்பைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், கமரா விட்டுக் காட்டலாம். பிறகு இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் ஃபர்னஸை நிறுத்தி, ஆபத்து என்று அட்டை கட்டிவிட்டுப் போனால், இரண்டாமவர் வந்து பார்க்கும்வரை நீங்களாக அதைப் போடவேண்டாம், "இன்டைக்கு இரவுக்கு மட்டும்" என்று அவரிடம் கெஞ்சவும் வேண்டாம். காஸ் அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர்காய்வதும் கூடாது. மின்சார ஹீட்டர் இரண்டு இருந்தால் எல்லோரும் ஒரே அறையில் படுக்கலாம். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அக்கா வீட்டுக்கோ சிநேகிதர் வீட்டுக்கோ போய்விடுங்கள். போகும்போது தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்க மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள்.