மனமும் சமூகமும் – 9: சுவரும் செருப்பும்

தனி மனிதனின் மனம் படிப்படியாக வளர்வது போல ஒரு சமூகத்தின் மனமும் வளர்கிறதா? புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ‘ஆரியா’ மாத இதழில் 1916 ஆகஸ்ட் முதல் 1918 ஜூலை வரை இதைப் பற்றி ஒரு தொடர் வந்தது. எழுதியவர் அரவிந்தர், பிரிட்டிஷ் போலீசின் கை எட்டாத பிரெஞ்சு மண்ணுக்கு 1910இல் வந்து சேர்ந்தவர். ‘சமூக வளர்ச்சியின் உளவியல்’ என்ற அந்த ஆங்கிலத் தொடர், 1949இல் ‘மனிதச் சுழற்சி’ என்ற பெயரில் நூலானது. 

இந்தச் சிந்தனைக்குப் பொறி தந்தவர் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கார்ல் லாம்ப்ரெக்ட். வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவிய லைப்சிக்கில்தான் இவரும் பேராசிரியர். அரசர்களும் போர்களும் மட்டுமே வரலாறாகிவிடாது, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பொது மனப்போக்கு உண்டு என்றார் அவர். குறியீட்டுக் காலம், வகைமாதிரிக் காலம், மரபுக் காலம், தனிமனிதக் காலம், அகநோக்குக் காலம் என்ற பகுப்பை அரவிந்தர் எடுத்துக்கொண்டு, இந்திய வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தார்.

அவர் காட்டும் முதன்மையான உதாரணம் வருணம். தொடக்கத்தில் அது இறைவனின் உடலை உணர்த்தும் குறியீடு. அடுத்து குணத்தையும் கடமையையும் சொல்லும் வகைமாதிரி. பிறகு பிறப்பும் சடங்கும் மட்டும் மிஞ்சிய மரபு. முதல் கட்டத்துக்குச் சான்று வேதப் பாடல்களே. பாடலை வைத்து நடைமுறையை ஊகிப்பது நம்பத்தக்க வழியன்று. தொடரின் பலவீனமான பகுதி இது. ஆனால் மரபு தன் பொருளை இழந்தபின் அதிகாரமாக மட்டும் நிற்பதைச் சொல்லும் பகுதி கூர்மையானது.

அதற்குச் சான்று தேட வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் சம்பாக் கோயில் என்ற தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745இல் அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்ட பிறகு அது இடிக்கப்பட்டதை, அக்காலத்தில் அங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மதம் மாறியிருந்தது, சாதி மாறவில்லை.

தனிமனிதக் காலத்தின் அடையாளமும் இதே ஊரில் கிடைக்கிறது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் போலச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியருக்கு அது வழக்கமில்லை என்று நீதிபதி தடுத்தார். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு அரசின் ஆணை, சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி ‘லா போர்த்’ ஆனார். ‘ரெனோன்சான்’ எனப்பட்ட இவர்கள், கூட்டம் வகுத்த இடத்தை ஏற்காமல் அதிகாரி முன் தங்கள் பெயரையே மாற்றி எழுதியவர்கள்.

கடைசியான அகநோக்குக் காலத்தில், சமூகம் தன்னைத் தானே உள்ளே பார்க்கத் தொடங்கும் என்கிறார் அரவிந்தர். கல்வியில் இது குழந்தையின் இயல்பறிந்து வளர்ப்பதாக முடியும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2ஆம் தேதி தொடங்கிய பள்ளி இந்தக் கருத்தின் வழி வந்தது. அங்கே இன்றும் பட்டம் தருவதில்லை. நாட்டு அளவில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு. தன் அகங்காரத்தையே ஆன்மா என்று ஒரு நாடு எண்ணிக்கொள்ளலாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெர்மனியை அவர் இதற்கு உதாரணமாகக் காட்டினார். குழுப் பற்று எவ்வளவு எளிதில் எழுகிறது என்பதற்குப் பின்னாளில் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. 1970களில் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை அற்பக் காரணத்தால் இரு குழுவாகப் பிரித்தார். தன் குழுவுக்குச் சாதகமாக நடக்க அவர்களுக்கு அந்தப் பிரிவே போதுமாக இருந்தது.

கட்டங்களை மாறாத ஏணிப்படிகளாகக் கொள்ளக் கூடாது என்று அரவிந்தரே தொடரின் தொடக்கத்தில் எச்சரிக்கிறார். லாம்ப்ரெக்டின் பகுப்பு மனிதனின் சிக்கலான இயல்புக்கு மிக விறைப்பானது என்பது அவர் கருத்து.