வெளியே சொல்ல முடியாத வயிற்று நோய்: பிள்ளைகளின் மனசைக் காப்போம்



காய்ச்சல், மூட்டுவலி என்றால் குழுக் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். "ஒரு நாளைக்குப் பத்து தடவை வெளிக்குப் போறேன், ரத்தமும் போகுது" என்று யாராவது சொல்கிறோமா? வயசுப் பிள்ளைகள் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. அப்படி மறைக்கப்படும் நோய் ஒன்றைப் பற்றி இந்த மாதம் பேசுவோம்.

அது என்ன நோய்?

நாள்பட்ட குடல் அழற்சி. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. பெருங்குடலில் மட்டும் வந்தால் 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்'. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது 'குரோன்ஸ் நோய்'. பெரும்பாலும் 15 முதல் 35 வயசுக்குள் ஆரம்பிக்கிறது.

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ரத்தம், வயிற்றுவலி, எடை குறைவு, அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். ஒட்டுவாரொட்டி அல்ல, செய்வினையும் அல்ல. மூல நோயும் குடல் காசநோயும் இதேபோலத் தெரியும். அதனால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். முழுசாகத் தீராவிட்டாலும் மருந்தால் அடக்கி வைக்கலாம்.

மனசு ஏன் வாடுகிறது?

ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறி அறந்தாங்கி, புதுக்கோட்டை போகும் பிள்ளைக்கு, வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம். காலையில் பட்டினியாகக் கிளம்பும். பிறகு கல்லூரியே வேண்டாம் என்கும். விசேஷ வீட்டுக்கும் வராது. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பினால் கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. நாமோ, "பார்க்க நல்லாத்தானே இருக்கே, சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்தான் நோயை விட அதிகமாகச் சுடும்.

கவலையால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. கவலை கூடினால் வயிற்றுத் தொல்லை கூடும், தொல்லை கூடினால் கவலையும் கூடும்.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கு சின்ன வயசிலிருந்தே இந்தக் கோலைட்டிஸ்தான். 2007ல் பதவி விலகினார். புது மருந்தால் நோய் அடங்கி, 2012ல் மறுபடி பிரதமரானார். 2020ல் நோய் திரும்பியபோது நாட்டு மக்களிடமே வெளிப்படையாகச் சொல்லி விலகினார். நோயும் இருந்தது, வாழ்க்கையும் நடந்தது.

நாம் என்ன செய்யலாம்?

* பிள்ளையிடம் தனியாக, பதறாமல் கேளுங்கள். "எத்தனை தடவை போகுதும்மா? ரத்தம் வருதா?" என்று நேராகக் கேட்டால் சொல்லிவிடும்.
* ரத்தம் போனால் நாட்டு வைத்தியம் என்று நாள் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.
* நல்லாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.
* பயணப் பையில் மாற்றுத் துணி, தண்ணீர், பழைய செய்தித்தாள் இருக்கட்டும். வழியில் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்து வைத்தால் பாதிப் பயம் போய்விடும்.
* கல்யாணப் பேச்சில் மறைக்காதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும், நாளடைவில் நின்றுபோகும். நோய் அடங்கியிருக்கும் சமயத்தில், டாக்டர் யோசனைப்படி குழந்தை பெற்றுக்கொள்ளலாம்.
* தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, "வாழ்ந்து என்ன" என்று சொன்னாலோ சும்மா விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.

சகோதரிகளே, மாட்டுக்கும் விதைநெல்லுக்கும் குழுவில் கடன் கொடுக்கிறோம். ஒரு பிள்ளையின் மதுரைப் பயணச் செலவுக்கும் கொடுக்கலாமே! ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அன்று பேசத் தைரியம் வரும்.