வார் ஃபைலின் பெயரே முகவரி!

காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவரா நீங்கள்? ஜாவா புராஜெக்டை டாம்கேட் சர்வரில் இயக்கினால், லோக்கல்ஹோஸ்ட்:8080 என்பதற்குப் பின் ஒரு பெயர் வரும். இதுவே கான்டெக்ஸ்ட் பாத். வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் நீங்கள் போட்ட வார் ஃபைலின் பெயரையே டாம்கேட் இங்கு எடுத்துக்கொள்கிறது.

மாற்ற வேண்டுமா? ஃபைலின் பெயரை மாற்றுங்கள். பெயரே வேண்டாமெனில், அங்குள்ள ரூட் ஃபோல்டரை நீக்கிவிட்டு, ஃபைலுக்கு ரூட் என ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரிடுங்கள். பெயரின் நடுவே # இட்டால், முகவரியில் அது சாய்கோடாகும்.

மாற்றியபின் லாகின் லிங்க் 404 பிழை காட்டுகிறதா? பக்கங்களில் பழைய பெயரை நேரடியாக எழுதியிருப்பீர்கள். அங்கே ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டின் கெட்கான்டெக்ஸ்ட்பாத் மெத்தடைப் பயன்படுத்துங்கள். தேர்வாளர் முன் வேறு கம்ப்யூட்டரில், வேறு பெயரில் இயக்கினாலும் லிங்குகள் சரியாகத் திறக்கும்.