வறட்சிப் பகுதிக்கு ஏற்ற மக்காச்சோள இரகத் தேர்வு (கிருஷ்ணகிரி மாவட்டம்)

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடுவோர் இரகத்தைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டியது விளைச்சல் அளவு அன்று. பயிர் பூக்கும் நாள். 2004 இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், கிருஷ்ணகிரி, கெலவரப்பள்ளி அணைகளின் பாசன நிலம் போக, தளி, சூளகிரி, ஊத்தங்கரைப் பக்கத்து மேட்டுநிலங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்தும், தண்டின் நடுவில் கதிரும் தோன்றுகின்றன. கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. மண்ணில் ஈரம் குறைந்தால் மகரந்தம் ஏறத்தாழ உரிய நாளில் உதிர்ந்துவிடும். இழை மட்டும் பிந்தி வரும். செடி பசுமையாகவே நிற்கும். கதிரை உரித்தால் பொக்கை வாய் போல மணிகள் இடைவிட்டுக் கிடக்கும். மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையம் (சிம்மிட்) இந்த நாள் இடைவெளி குறைந்த செடிகளைப் பொறுக்கியே வறட்சி தாங்கும் இரகங்களை வளர்த்தெடுத்தது.

பொதுவாக 100 முதல் 110 நாள் வயதுள்ள இரகம் 50 முதல் 55 நாளில் பூக்கும். இப்பகுதியில் செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை. ஆகவே விதைக்கும் நாளோடு பூக்கும் நாளைக் கூட்டிப் பார்த்தே இரகம் தேர வேண்டும். குறுகிய வயது இரகம் வறட்சிக்குத் தப்பும். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நீண்ட வயது இரகத்தை எட்டாது.

வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். அறுவடையிலிருந்து எடுத்து விதைத்தால் பயிர் சீராக வராது. எக்டருக்கு 20 கிலோ விதை என்பதால், மழை பொய்த்தால் இச்செலவு முழுவதும் நட்டம். கோ 1 போன்ற கூட்டு இரகங்களில் விளைச்சல் குறைவு; எனினும் விதையைச் சேமித்துக்கொள்ளலாம். கையில் முதல் இல்லாத குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

எல்லைப் பகுதியாதலால் கர்நாடக இரகங்களையும் கருதலாம். மண்டியாவில் உருவான ஹேமா, நித்யஸ்ரீ ஆகியவை அறியப்பட்டவை. எங்கு வாங்கினாலும் பையில் முளைப்புத்திறன் (90 விழுக்காடு), சோதனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்துப் பார்ப்பதும் இரசீது பெறுவதும் அவசியம். விதை முளைக்காமல் போனால் இரசீது இல்லாதவர் பேச்சு எடுபடாது.

மண் ஆழமற்ற செம்மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால் மக்காச்சோளத்தையே தவிர்ப்பது நல்லது. கேழ்வரகு தூர் கட்டும் பயிர். முதல் கதிர் வாடினாலும் பின்வரும் தூர்கள் ஓரளவு ஈடுசெய்யும். மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் ஒரே கதிர்தான். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இப்பகுதிக்கென்றே கேழ்வரகு, கொள்ளு இரகங்களை வெளியிட்டுள்ளது.